பழைய லென்சில் உடனடிப் படம்: வாசகர் கேள்வி பதில்

கடந்த மாதங்களில் வன்னியிலிருந்து வந்த கமராக் கேள்விகளில் பல ஒரே விடயத்தைத்தான் சுற்றி நிற்கின்றன. வீட்டில் பழைய கமரா ஒன்று கிடக்கிறது, அதற்கான 120 சுருள் பிலிம் வாங்குவதும் கழுவுவதும் பெரும்பாடு, எடுத்த சில நிமிடங்களில் தாளிலேயே படம் தெரியும் இன்ஸ்டாக்ஸ் பிலிம் கிடைக்கிறது. இரண்டையும் சேர்க்கலாமா என்கிறார்கள். சேர்க்கலாம். இந்த இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: அப்பப்பாவின் மடிப்புக் கமரா (6×9, 105 மி.மீ., எஃப்/4.5) துருத்தி கிழிந்த நிலையில் இருக்கிறது. செனிற் கமராவில் இருந்த ஹீலியோஸ் 58 மி.மீ. எஃப்/2 லென்சும் உண்டு. எதை இன்ஸ்டாக்சில் போடலாம்? ஹீலியோசுக்கு வெளிச்சம் கூட என்பதால் அதுதான் நல்லதென்று நண்பர் சொல்கிறார்.
— வாசகர், கிளிநொச்சி

பதில்: நண்பர் எஃப் எண்ணை, அதாவது லென்சின் துளை எவ்வளவு திறக்கும் என்பதைப் பார்க்கிறார் (எண் சிறிதானால் துளை பெரிது). முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ் பிலிமில் விழுத்தும் ஒளிவட்டம் எவ்வளவு அகலம் என்பதை. பிலிமின் மூலைக்கு மூலை நீளத்தை அந்த வட்டம் மூடினால்தான் படம் முழுதாக வரும்.

இன்ஸ்டாக்ஸ் தாள் மினி, ஸ்குயர், வைட் என்று மூன்று அளவில் வருகிறது. மினியின் படப்பரப்பு 62×46 மி.மீ.; மூலைக்கு மூலை 77 மி.மீ. ஸ்குயர் 62×62, அதற்கு 88 மி.மீ. வைட் 99×62, அதற்கு 117 மி.மீ. ஹீலியோஸ் செய்யப்பட்டதோ 24×36 மி.மீ. சட்டத்துக்கு, அதாவது 43 மி.மீ. வட்டத்துக்கு. தூரக் காட்சி எடுத்தால் மினிப் படத்தின் நடுவில் ஒரு வட்டம் தெரியும், சுற்றிலும் கறுப்பு. லென்சை முன்னே தள்ளிப் பூவையோ பூச்சியையோ அதன் இயல்பான அளவிலேயே எடுக்கும்போது ஒளிவட்டம் இரண்டு மடங்காகும். அப்போது மினியை ஹீலியோசும் மூடிவிடும். அந்த வேலைக்கு அதை வைத்திருங்கள்.

உங்கள் 105 மி.மீ. லென்ஸ் 56×84 மி.மீ. சட்டத்துக்கானது, அதன் மூலைக்கு மூலை 101 மி.மீ. மினிக்கும் ஸ்குயருக்கும் தாராளம். வைட்டில் மூலைகள் இருளும். துளையை எஃப்/16 வரை ஒடுக்கினால் இருள் கொஞ்சம் விலகும், முழுதாகப் போகாது. வைட் முழுவதையும் மூட வேண்டுமென்றால் மாமியா பிரஸ் 127 மி.மீ. எஃப்/4.7, அல்லது பழைய பொலரொயிட் 110பி கமராவின் றோடன்ஸ்ரொக் இசாரெக்ஸ் 127 மி.மீ. எஃப்/4.7 போன்றவை வேண்டும். லூபிரெல், யாஷிகாமற் போன்ற இரட்டைக்கண் கமராக்களின் 75, 80 மி.மீ. லென்ஸ்கள் 6×6 சட்டத்துக்கானவை (79 மி.மீ.). மினிக்கு மட்டுமட்டாகப் பொருந்தும். எங்களைக் கேட்டால் முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல சோடி இல்லை.

ஒரு வேண்டுகோள். துருத்தி கிழிந்தது, பூட்டு உடைந்தது என்றால் லென்சைக் கழற்றுங்கள். நல்ல நிலையில் இயங்கும் கமராவைப் பிரிக்க வேண்டாம். அப்படிப்பட்டதற்குக் கீழே மல்லாவி வாசகிக்குச் சொல்லும் வழி இருக்கிறது.

கேள்வி: லூபிரெல் லென்சை (75 மி.மீ., எஃப்/4.5) இன்ஸ்டாக்ஸ் மினி 9 உடலில் பூட்ட விரும்புகிறேன். படிப்படியாகச் சொல்ல முடியுமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: ஸ்குரூவைக் கழற்ற முன்னர் பிளாஷைப் பற்றி. உள்ளே இருக்கும் பிளாஷ் கப்பாசிற்றரில் 300 வோல்ற் அளவுக்கு மின் நிற்கும். பற்றரியை எடுத்த பிறகும் நிற்கும். மூடியைத் திறந்ததும் உருளை வடிவில் இருக்கும் அதன் இரு கால்களிலும் 40 வாற் இழைக் குண்டு பல்ப் ஒன்றின் இரு வயர்களையும் சில நொடிகள் பிடியுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. வயரின் செப்புப் பகுதியில் கை படக்கூடாது. பிறகு மல்ரிமீற்றரால் அளந்து 5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்த பின்னரே விரலை உள்ளே விடுங்கள். ஸ்குரூ டிரைவரால் சோட் பண்ணுகிறவர்கள் உண்டு. பொறி பறந்து பலகையும் கருகும், கண்ணிலும் தெறிக்கும். பல்ப் கிடைக்காவிட்டால் வேலையை ஒத்திவையுங்கள்.

அடுத்தது லென்ஸ் குழல். முன்மூடியையும் வெளியே தள்ளும் குழலையும் கழற்றி, உள்ளே உள்ள ஷட்டர் தகட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். மின்பலகையையும் மோட்டருக்குப் போகும் வயர்களையும் தொட வேண்டாம். குழல் வெளியே வந்தால்தான் கமரா உயிர்பெறும் என்பதால், குழல் அழுத்தும் சின்ன ஆளியை அழுத்திய நிலையில் ஒரு துண்டு பிளாஸ்ரிக் வைத்து ஒட்டுங்கள். பிளாஷ் பலகைக்குப் போகும் வயரை வெட்டினால் சில உடல்கள் இயங்க மறுக்கும். ஆகையால் வெட்டாமல் பிளாஷ் முகத்தைக் கறுத்த ரேப்பால் மூடினால் போதும். பின்னர் வெற்றுப் பிலிம் பெட்டி ஒன்றைப் போட்டு அழுத்திப் பாருங்கள். மோட்டர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றால் பாதி வேலை முடிந்தது. சுற்றாவிட்டால் மோட்டரின் இரு வயர்களையும் பிரித்து, இரண்டு ஏஏ பற்றரியின் 3 வோல்ற்றை அழுத்து ஆளி ஒன்றினூடாக நேரே கொடுங்கள். தாள் வெளியே வந்ததும் விரலை எடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அடுத்த தாளும் கிளம்பிவிடும்.

இனிப் படம் எடுக்கும் முறை மாறுகிறது. மினியின் ஷட்டர் இல்லாததால் தாள் எப்போதும் பெட்டிக்குள் திறந்தபடி இருக்கும். லூபிரெலின் ஷட்டர்தான் ஒளியை அளந்து விடும். அது மூடிய பிறகு மினியின் பொத்தானை அழுத்தினால் மோட்டர் தாளைத் தள்ளும். இந்த ஒழுங்கு தவறினால் ஒரே தாளில் இரண்டு படம் விழும்.

லென்ஸ் நிற்கும் தூரத்துக்கு வருவோம். லூபிரெலில் முன்கண்ணாடியைத் திருப்பித்தான் குவியம் பிடிப்பது. இது பெரிய வசதி: வளையத்தை முடிவிலிக் குறியில் (∞, மிகத் தூரக் காட்சிக்கானது) வைத்து உடலிலிருந்து தூரத்தை ஒருமுறை சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், மீற்றர் எண்கள் எல்லாம் தாமாகவே சரிவரும். வெற்றுப் பிலிம் பெட்டியின் ஜன்னலில், தாள் நிற்கும் அதே மட்டத்தில், ட்ரேசிங் பேப்பர் ஒட்டிய மெல்லிய பிளாஸ்ரிக்கை வையுங்கள். கமராவின் பின்கதவைத் திறந்து வைத்து, பெட்டியின் முதுகை வெட்டியெடுத்தால் பின்னாலிருந்து பார்க்கலாம். ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) திறந்து பிடித்து, எஃப்/4.5 இல், ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் தெரியும் தொலைபேசிக் கோபுரத்தின் கம்பிகள் கூர்மையாகும் வரை லென்சை முன்பின் நகர்த்துங்கள். லென்சின் நடுப்பகுதி பிலிமிலிருந்து ஏறக்குறைய 75 மி.மீ. இல் வந்து நிற்கும். எஃப்/4.5 இல் அரை மில்லிமீற்றர் பிசகினாலே படம் மங்கும். எஃப்/16 இல் ஒன்றரை மில்லிமீற்றர் பிசகும் தெரியாது. அதனால் சோதனையை எப்போதும் முழுதாகத் திறந்து செய்ய வேண்டும்.

இடைக் குழாய்க்கு 63 மி.மீ. பீவீசீ குழாய் போதும், ஆனால் அது பிலிமிலிருந்து 30 மி.மீ. தள்ளி ஆரம்பிக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் குழாயின் விளிம்பு மூலைகளை வெட்டும். மினியின் சொந்த நீள்சதுரக் கூட்டை அப்படியே விட்டு அதன் முன்னால் குழாயை ஒட்டினால் இந்தக் கணக்குத் தானாக வரும். உட்புறம் கரும்பலகைப் பெயின்ற் இரண்டு பூச்சு. மினுங்கும் கறுப்பு உதவாது. உள்ளே ஒளி தெறித்துப் படம் பால் கலந்தது போல வெளிறும். மூட்டுக்கு இரண்டு கூறு கலக்கும் எபொக்சிப் பசை. கறுத்த மின்ரேப்பை மட்டும் நம்பி மூட்டாதீர்கள். நம் வெயிலில் பசை உருகி வழுகும், ஒரு மாதத்தில் ஒளி கசியும். முப்பரிமாண அச்சில் செய்விக்கிறீர்கள் என்றால் பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக் வேண்டாம், அது 60 பாகை அளவிலேயே இளகும். வெயிலில் பூட்டி விட்ட வாகனத்துக்குள் லென்ஸ் சரிந்துவிடும். பிஈடிஜி கேளுங்கள்.

ஒளிக் கசிவுக்குச் சோதனை: இருட்டறையில் கைபேசி விளக்கைக் கூட்டுக்குள் வைத்து வெளியே சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அது படத்தில் வரும்.

கேள்வி: பழைய லென்ஸ் பூட்டி எடுத்த படங்கள் பகலில் எல்லாம் வெள்ளையாகப் போகின்றன. நந்திக்கடல் கரையில் எடுத்ததில் வானமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஷட்டர் பழுதா?
— வாசகி, முல்லைத்தீவு

பதில்: ஷட்டரைச் சந்தேகிக்க முன்னர் கணக்கைப் பாருங்கள். இன்ஸ்டாக்ஸ் பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 800. தெளிந்த வெயிலில் அதற்கு எஃப்/16 இல் 1/800 நொடி வேண்டும். எஃப்/22 இல் 1/400, எஃப்/32 இல் 1/200. உங்கள் லென்சின் ஷட்டர் 1/25, 1/75, 1/200 என்று மூன்றே வேகம் உள்ளது, எஃப் 22 உடன் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எல்லைவரை ஒடுக்கினாலும் ஒரு ஸ்ரொப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஒளி போகிறது. சாதாரண நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும். இன்ஸ்டாக்ஸ் தாங்காது, அரை ஸ்ரொப் கூடினாலே வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் போய்விடும். தண்ணீரின் மினுக்கமும் வெண்மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மருந்து என்டி பில்டர்தான், நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடி. என்டி8 போட்டால் மூன்று ஸ்ரொப் குறைந்து, பிலிம் ஐஎஸ்ஓ 100 போல நடக்கும்: எஃப்/16, 1/100. உங்களிடம் 1/75 இருப்பதால் எஃப்/16 இலிருந்து கொஞ்சம் எஃப்/22 பக்கம் தள்ளுங்கள். கைபேசி ஒளிமானியிலும் 100 என்றே வைத்து அளக்கலாம். பழைய லென்சின் மரையளவு இன்றைய பில்டருக்குப் பொருந்தாவிட்டால், லென்சின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற குழாய் வளையம் ஒன்றை வெட்டி அதில் பில்டரை ஒட்டி, மூடி போலச் செருகுங்கள்.

பெட்டிக் கமரா லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய்தான், இன்னும் கடுமையாக. எஃப்/11, 1/30 அளவில் நிலையாக இருக்கும் பெட்டிக் கமராவுக்கு நண்பகலில் ஆறு ஸ்ரொப் கூடிப்போகும். அதற்கு என்டி64 வேண்டும். காலை ஏழரை மணிக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின் எடுப்பது இன்னொரு வழி. வயல்வெளியில் அந்த ஒளிதான் எப்படியும் அழகு.

கேள்வி: மூடிவிட்ட ஸ்ருடியோ ஒன்றிலிருந்து நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜர் கருவியின் லென்ஸ் (135 மி.மீ., எஃப்/5.6) கிடைத்தது. ஷட்டர் இல்லை. வீணா?
— வாசகர், வவுனியா

பதில்: வீணே இல்லை. 135 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் வழக்கமாக 4×5 அங்குல நெகட்டிவுக்கானது, வைட் முழுவதையும் மூடும். ஷட்டருக்குப் பதில் மூடியைக் கையால் எடுத்து வைக்கலாம், ஒளியைப் போதிய அளவு குறைத்தால். என்டி1000 (பத்து ஸ்ரொப்) போட்டு எஃப்/16 வைத்தால் உச்சி வெயிலில் ஏறக்குறைய ஒரு நொடி. எஃப்/22 என்றால் இரண்டு நொடி. மரநிழலில் எஃப்/16 இல் எட்டு நொடி. ஒரு நொடியைக் கையால் பிடிப்பதில் தடுமாற்றம் வரும், இரண்டு நொடி வசதி. முக்காலி கட்டாயம். ஆட்களை எடுப்பதானால் கதிரையில் இருத்தி, தலையைச் சுவரில் சாயச் சொல்லுங்கள்.

குவிய வளையமும் இதில் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுகும் இரண்டு குழாய் செய்து, இடைவெளிக்கு வெல்வெட் துணி சுற்றுங்கள். முடிவிலி நிலையிலிருந்து லென்ஸ் முன்னே வர வேண்டிய தூரம்: ஆள் மூன்று மீற்றரில் நின்றால் 6.4 மி.மீ., இரண்டு மீற்றரில் 9.8, ஒன்றரை மீற்றரில் 13.4. குழாயில் இந்த மூன்று கோட்டையும் கீறி வைத்தால் ஒவ்வொரு முறையும் ட்ரேசிங் பேப்பர் தேட வேண்டியதில்லை.

கேள்வி: எங்களிடம் உள்ள இரட்டைக்கண் கமரா நன்றாக வேலை செய்கிறது. அதை வெட்டாமல் இன்ஸ்டாக்ஸ் மினித் தாளில் படம் எடுக்க வழி உண்டா?
— வாசகி, மல்லாவி

பதில்: உண்டு. பொறுமைதான் செலவு. கை விடும் ஒளிபுகா இருட்டுப் பை ஒன்று, சாதாரண மினிக் கமரா ஒன்று, முடிந்துபோன வெற்றுப் பிலிம் பெட்டி ஒன்று, ஒளிபுகாத மூடி உள்ள ரின் ஒன்று. புதுப் பெட்டியைப் பைக்குள் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்; மேலே உள்ள கறுப்பு மூடித்தாளைத் தள்ளி, அடுத்த தாளை ஜன்னல் வழியாக மெதுவாக வளைத்து எடுங்கள். மீதியை உடனே ரின்னுக்குள் போடுங்கள்.

தாளின் எந்தப் பக்கம் லென்சைப் பார்க்க வேண்டும் என்பதில் பலர் பிழைவிடுகிறார்கள். இன்ஸ்டாக்ஸ் தாளில் ஒளி முதுகுப் பக்கத்தால் போகிறது, படம் முன்பக்கத்தில் தெரிகிறது. பெட்டியின் ஜன்னலைப் பார்த்திருந்த பக்கமே லென்சையும் பார்க்க வேண்டும். இருட்டில் கண் உதவாது என்பதால் எடுத்த கையைத் திருப்பாமல் அப்படியே வையுங்கள். தாள் 86×54 மி.மீ.; நீளப் பக்கம் பிலிம் ஓடும் திசையில் கிடக்கட்டும். கமராவின் சட்டம் 56 மி.மீ. என்பதால் தாளின் இரு நுனிகளும் சட்டத்துக்கு வெளியே தாங்கி நிற்கும். ஒரு நுனியில் தடித்துத் தெரிவது மருந்துப் பை. அது அழுத்துத் தகட்டுக்குள் அகப்படக்கூடாது, சுருள் அறைப் பக்கம் போகட்டும். நசுங்கினால் தாள் போச்சு. படம் 56×46 மி.மீ. அளவில் விழும், இரு ஓரத்திலும் மூன்று மில்லிமீற்றர் கறுப்பு வரும். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் ரேப்பால் மூடிவிடுங்கள்.

படம் எடுத்த பிறகு திரும்பவும் பைக்குள். தாளை வெற்றுப் பெட்டியில், மருந்துப் பை வெளியேறும் வாய்ப் பக்கம் இருக்கும்படி செருகி, மினிக் கமராவில் போட்டுக் கதவை மூடுங்கள். கதவைத் திறந்து மூடியதும் எண்காட்டி ஆரம்பத்துக்குப் போயிருக்கும். கமரா உங்கள் தாளைக் கறுப்பு மூடித்தாள் என்று நினைத்துத் தள்ளிவிடும். எதற்கும் லென்சைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த பொலரொயிட் 600 பிலிமை, பழைய மடிப்புக் கமராவின் பின்னால் கட்டி எடுத்தேன். கடைப் பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல மறுபக்கமாக வந்தன. நிறமும் மஞ்சள்.
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டுக்கும் காரணம் பிலிம்தான். பொலரொயிட் தாளில் ஒளி விழுவதும் படம் தெரிவதும் ஒரே பக்கம். அதனால்தான் அந்தக் கமராக்களுக்குள் ஒரு கண்ணாடி வைத்துப் படத்தைப் புரட்டுகிறார்கள். லென்சுக்கு நேரே பிலிமை வைத்தால் இடம் வலமாகும். எழுத்து இல்லாத காட்சியை எடுங்கள், அல்லது இன்ஸ்டாக்சுக்கு மாறுங்கள். அதற்குக் கண்ணாடி வேண்டாம்.

மஞ்சளுக்குக் காரணம் சூடு. பொலரொயிட் சொல்லும் வெப்பநிலை 13 முதல் 28 பாகை வரை. நமக்கு மார்கழி, தை காலைகளைத் தவிர அது எப்போது கிடைக்கிறது? தாள் வந்ததும் ஐஸ் போத்தலை ஒரு துவாயில் சுற்றி, அதன் அருகே ஒரு பெட்டிக்குள், இருட்டில், பதினைந்து நிமிடம் வைத்தால் மஞ்சள் குறையும். இன்ஸ்டாக்ஸ் 40 பாகை வரை வேலை செய்யும். வன்னிக்கு அதையே சிபாரிசு செய்கிறோம்.

கேள்வி: லென்சுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை. ஷட்டரும் மெதுவாக மூடுகிறது. எண்ணெய் விடலாமா?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: எண்ணெய் ஒரு துளிகூட வேண்டாம். ஷட்டர் இதழ்கள் காய்ந்த நிலையில் ஓட வேண்டியவை, ஒட்டுவதே பழைய எண்ணெய் அவற்றில் ஏறியதால்தான். முன், பின் கண்ணாடிகளைக் கழற்றி, லைற்றர் பெற்றோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் இதழ்களைத் துடைத்து, இருபது முப்பது தடவை அடித்து, மீண்டும் துடையுங்கள். நெருப்புக்கு அருகில் செய்யக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புரொன்ரர் ஷட்டரில் ‘வி’ என்று நெம்பு இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். தாமதமாக அடிக்கும் அந்தப் பொறி இறுகி நின்றால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும். வேகத்தைச் சோதிக்க, கைபேசியில் நொடிக்கு 240 சட்ட மெதுவசைவில் எடுங்கள்: 1/25 ஏறக்குறைய பத்துச் சட்டத்திலும் 1/75 மூன்றிலும் தெரிய வேண்டும்.

பூஞ்சையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைக்கலாம். கண்ணாடியையே அரித்திருந்தால் அடையாளம் போகாது; படத்தில் அதிகம் தெரியாது, வெயிலுக்கு எதிரே மட்டும் வெளிறும். மாரி தொடங்க முன்னர் லென்சை இறுக மூடும் பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டினால் அதுவே பூஞ்சைக்கு வீடு. சோளகக் காலத்துச் செம்மண் தூசியை முதலில் ஊதிப் போக்குங்கள். ஊதாமல் துடைத்தால் கண்ணாடி கீறும்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலில் இரவில் எடுக்க முடியுமா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: ரியூப் லைற் வெளிச்சத்தில் எஃப்/4.5, 1/25 இல் தொடங்குங்கள். குவிய ஆழம், அதாவது கூர்மையாக வரும் தூர வரம்பு, மெல்லியது; ஆளுக்கும் கமராவுக்கும் இடையே நாடாவால் அளந்து, லென்ஸ் வளையத்தில் அந்தத் தூரத்தை வையுங்கள். இன்ஸ்டாக்ஸ் பகல் ஒளிக்கான பிலிம். ரியூப் லைற்றில் கொஞ்சம் பச்சையும், தீப்பந்தத்தில் செம்மஞ்சளும் ஏறும்.

கேள்வி: படத்தில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் வருகின்றன, ஒரு மூலையும் கழுவப்படாமல் நிற்கிறது.
— வாசகர், மாங்குளம்

பதில்: புள்ளிக்கு உருளையில் ஒட்டிய காய்ந்த மருந்து காரணம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பதிகிறது. ஈரத் துணியால் உருளையைத் திருப்பித் திருப்பித் துடைத்து, காய விட்டுப் பெட்டியைப் போடுங்கள். மூலை நிற்பது பெரும்பாலும் பற்றரி தளர்ந்து உருளை இழுபடுவதால். புதிய அல்கலைன் பற்றரி போட்ட பிறகும் அதே மூலையில் வந்தால், நீங்கள் ஒட்டிய பசையோ துண்டோ தாளின் வழியில் இடறுகிறதா என்று பாருங்கள்.